பாறைக் கிணற்றில் மீன் படம் எடுக்கும்போது ஸ்ட்ரோபின் டிடிஎல் ஏன் ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு வெளிச்சம் தருகிறது?

பென்னாகரம் பக்கத்துக் கிணறு, ஹவுசிங்குக்குள் (தண்ணீர் புகாத பெட்டி) கேமரா, கேமரா ஃபிளாஷின் ஒளியைக் கடத்தும் ஃபைபர் கேபிளில் ஒரு ஸ்ட்ரோப் (தண்ணீருக்கடியில் எரியும் தனி ஃபிளாஷ்). லென்ஸ் வழியே வரும் ஒளியைக் கேமராவே அளந்து ஃபிளாஷின் சக்தியை முடிவுசெய்யும் முறைதான் டிடிஎல். டிடிஎல்லில் விரால் வெளுக்கிறது, கெண்டை இருட்டாகிறது, நடுநடுவே முழுக் கறுப்புப் படங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

ஃபிலிம் காலத்தில் ஷட்டர் திறந்திருக்கும்போதே ஃபிலிமில் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்து, போதுமென்றதும் ஃபிளாஷை வெட்டிவிடுவார்கள். டிஜிட்டல் சென்சாரில் அந்த வழி சரிவரவில்லை. அதனால் ஷட்டர் திறக்கும் முன்பே கேமரா ஒரு சின்ன முன்ஃபிளாஷ் அடித்து, திரும்பி வந்ததை வைத்துக் கணக்குப் போடுகிறது. ஃபைபரில் தொங்கும் ஸ்ட்ரோபுக்கு இந்தக் கணக்கு தெரியாது. கேமராவின் ஃபிளாஷ் எரிந்தால் எரியும், அணைந்தால் அணையும்.

முழுக் கறுப்பை முதலில் தீர்த்துவிடலாம். பெரும்பாலும் ஸ்ட்ரோப் இன்னும் சார்ஜ் ஆகவில்லை. பெரிய ஃபிளாஷ் அடித்தபின் இரண்டு மூன்று விநாடி தேவை. ரெடி விளக்கைப் பார்த்து அழுத்துங்கள். ஸ்ட்ரோபை மேனுவலுக்கு மாற்றும்போது முன்ஃபிளாஷைத் தள்ளிவிடும் அமைப்பையும் சரிபார்க்க வேண்டும். இல்லாவிட்டால் முன்ஃபிளாஷுக்கே சக்தியைக் கொட்டிவிட்டு, ஷட்டர் திறக்கும்போது சும்மா இருக்கும்.

விரால் கறுப்பு மீன், பின்னால் இருட்டுத் தண்ணீர். அங்கிருந்து ஒளி திரும்பாததால் கேமரா ‘போதவில்லை’ என்று ஃபிளாஷைக் கூட்டுகிறது. ஃபிளாஷ் காம்பன்சேஷனை (கேமரா போட்ட ஃபிளாஷ் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) -0.7 முதல் -1 வரை இறக்குங்கள், மீன் சட்டத்தை நிறைக்கும்படி நெருங்குங்கள். கெண்டையின் செதில் கண்ணாடி மாதிரி முன்ஃபிளாஷை நேராகத் திருப்பி அடிக்கிறது, கேமரா ஏமாந்து சக்தியைக் குறைக்கிறது. அதற்கு +0.3 கூட்டுவதைவிட, ஸ்ட்ரோபின் கையைப் பக்கவாட்டில் விரித்து அந்தப் பளபளப்பு லென்ஸுக்குள் வராமல் பார்ப்பது நல்லது.

உண்மையான தலைவலி கலங்கல்தான். உங்கள் காலில் மாட்டிய துடுப்பு பட்டு அடிச்சேறு கிளம்பியதும், முன்ஃபிளாஷ் மீனை எட்டும் முன்பே துகள்களில் பட்டுத் திரும்பிவிடுகிறது. மார்கழிப் பனியில் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் ஹைபீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் தெரியுமே, அதைத்தான் கேமரா அளக்கிறது. இங்கே காம்பன்சேஷன் உதவாது. கூட்டினால் துகளும் சேர்ந்து பளிச்சிடும். ஸ்ட்ரோபை லென்ஸ் போர்ட்டுக்குப் (ஹவுசிங்கின் முன் கண்ணாடி) பின்னால் இழுத்து, ஸ்ட்ரோபின் முகத்தைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி, 30 செ.மீ.க்குள் நெருங்கி எடுங்கள். ஒரு மீட்டர் தூரம்கூடத் தெரியாத தண்ணீரில் டிடிஎல்லை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. மேனுவலில் லென்ஸ் துளை எஃப் 8, ஐஎஸ்ஓ 200, ஷட்டர் 1/125, ஸ்ட்ரோபில் கால் சக்தி என்று தொடங்கி, ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பார்த்துச் சக்தியைப் பாதியாக்கவோ இரட்டிப்பாக்கவோ செய்யலாம். தூரம் இரண்டு மடங்கானால் ஒளி கால்வாசிக்கும் கீழே போகும், ஏனென்றால் தண்ணீரும் தன் பங்குக்கு விழுங்கும். தெளிந்த தண்ணீரில் மீன் 10 செ.மீ.க்கும் 30 செ.மீ.க்கும் இடையே ஓடிக்கொண்டே இருக்கும் குளோசப்பில்தான் டிடிஎல் தன் வேலையைக் காட்டும்.

உச்சி வெயில் கிணற்றுக்குள் நேராக இறங்கும் நேரத்தில் ஷட்டரை 1/200க்கு ஏற்றுங்கள். உங்கள் கேமராவின் சிங்க் வேகத்தை (ஃபிளாஷுடன் ஒத்துப்போகும் உச்ச ஷட்டர் வேகம்) தாண்டினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். தனியாக இறங்க வேண்டாம். ஒகேனக்கல் காவிரியில் முதலையும் இழுப்பும் உண்டு, இந்தச் சோதனைக்கு அங்கே போகவே வேண்டாம்.

தண்ணீருக்குப் போகும் முன் வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். இருட்டறையில், பூசாத சிமென்ட் சுவரிலிருந்து அரை மீட்டரில் கேமராவை நிறுத்தி, ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைத்து, மேனுவல் எக்ஸ்போஷரில் எஃப் 5.6, 8, 11, 16 என நான்கு படம் எடுங்கள். ஸ்ட்ரோப் சூடாகாமல் இடைவெளி விடுங்கள். நான்கும் ஒரே வெளிச்சத்தில் இருந்தால் டிடிஎல் ஒழுங்காக வேலை செய்கிறது. படிப்படியாக இருண்டால் ஸ்ட்ரோப் ஒரே சக்தியில் அடிக்கிறது: கேமரா ஃபிளாஷ் மேனுவலில் இருக்கிறதா, ஸ்ட்ரோபின் குமிழ் டிடிஎல்லில் நிற்கிறதா, ஃபைபர் முனை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எஃப் 16 மட்டும் இருண்டால் பழுதில்லை. அந்தத் துளைக்கு அவ்வளவு தூரத்தில் ஸ்ட்ரோபின் சக்தி போதவில்லை.