இணையத்தில் வரும் தேர்தல் விளம்பரங்கள் உண்மையிலேயே நம் வாக்கை மாற்றுகின்றனவா?

கட்சிப் பற்று ஊறிப்போன ஒருவரை அரை நிமிடக் காணொளி மறுபக்கம் இழுத்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்கப் பொதுத்தேர்தல்களில் விளம்பரமும் நேரடிப் பிரசாரமும் எத்தனை பேரின் தேர்வை மாற்றுகின்றன என்று ஆராய்ந்த அரசியல் ஆய்வாளர்கள் கல்லா, புரூக்மன் ஆகிய இருவரும், அந்த விளைவு சராசரியாகப் பூஜ்யத்தை ஒட்டியே இருப்பதாக 2018இல் எழுதினார்கள். ஆனால், வாக்குச்சாவடிக்குப் போவதா வேண்டாமா, போனால் எந்தக் குறையை மனத்தில் வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்துவது என்பவற்றில் இணையத்துக்கு நிச்சயம் பங்குண்டு. 2010 அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலன்று ஃபேஸ்புக் சுமார் 6 கோடிப் பேருக்கு, வாக்களித்த நண்பர்களின் படங்களோடு ஒரு நினைவூட்டலைக் காட்டியது; அதனால் ஏறத்தாழ 3.4 லட்சம் வாக்குகள் கூடுதலாக விழுந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். அங்குள்ள மக்கள்தொகைக்கு அது சிறிய எண்தான். ஆனால் எங்கள் சிவகங்கை மக்களவைத் தொகுதியில் 2009இல் ப. சிதம்பரம் வென்றது 3,354 வாக்கு வித்தியாசத்தில் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது வேறொன்று. காரைக்குடியில் சுவர் விளம்பரம் எழுதிய காலத்தில், கல்லுக்கட்டிப் பகுதியில் ஒரு கட்சி எழுதியதை எதிர்க்கட்சிக்காரரும் படித்தார். பொய்யென்றால் மேடை போட்டு மறுத்தார். 2024 தேர்தலின்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருந்த இருவரில், குடமுழுக்குக் காணொளிகளையே பார்க்கும் அப்பத்தாவின் கைப்பேசியில் ஒரு வேட்பாளர் கோயில் திருப்பணியைப் பற்றிப் பேசினார். வேலை தேடிக்கொண்டிருந்த என் தம்பியின் கைப்பேசியில் அதே வேட்பாளர் தொழிற்சாலை கொண்டுவருவதாகச் சொன்னார். "என்னப்பா, எங்கிட்ட ஒண்ணு சொல்றாரு, உங்கிட்ட ஒண்ணு சொல்றாரு?" என்று அப்பத்தா கேட்டார்கள். அப்பத்தா அருகில் இல்லாதிருந்தால் தம்பிக்கு அந்த இன்னொரு பேச்சு இருப்பதே தெரிந்திருக்காது. வாக்காளர்கள் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்க்க முடியாத வாக்குறுதியை யாராலும் கேள்வி கேட்க முடியாது. இணைய விளம்பரத்தின் செல்வாக்கு என்று நான் சொல்வது இதைத்தான்.

விதிகள் இல்லாமல் இல்லை. சமூக ஊடக விளம்பரத்துக்கும் முன்சான்றிதழ் பெற வேண்டும், அதற்கான செலவை வேட்பாளர் கணக்கில் காட்ட வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2013இலேயே அறிவுறுத்தியது. தமிழ்நாட்டில் மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம், சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம் ரூபாய் என்று 2022இல் மத்திய அரசு உச்சவரம்பும் வைத்தது. ஆனால் கட்சியின் செலவுக்கு வரம்பே கிடையாது. நடத்துபவர் யாரென்றே தெரியாத மீம் பக்கங்கள் பணம் வாங்கிக்கொண்டு போடும் பதிவுகளோ விளம்பரம் என்ற அடையாளமே இல்லாமல் வருகின்றன. என் பார்வையில், முத்திரையோடு வரும் விளம்பரத்தைவிட இவையே அதிகம் வேலை செய்கின்றன, ஏனெனில் படிப்பவர் இவற்றை ஊர்ப் பேச்சாக எடுத்துக்கொள்கிறார்.

முத்திரை உள்ளவற்றையாவது நீங்களே சோதிக்கலாம். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் விளம்பர நூலகத்தில் (Ad Library) கட்சியின் பெயரை இட்டுத் தேடினால், பணம் கட்டியவர் யார், ஏறத்தாழ எவ்வளவு, எந்த வயதினருக்கும் எந்த மாநிலத்தாருக்கும் அது அதிகம் காட்டப்பட்டது என்பவை தெரியும். உங்கள் வயதுக்காரருக்கு வராத விளம்பரங்களை முதலில் பாருங்கள்.