முட்டியில எக்ஸோசோம் ஊசி போட்டு சீழ் வச்சிடுச்சு, பாதிப் பணத்துக்கு கையெழுத்து போடலாமா?

கேள்வி: நாங்க சேலம் அஸ்தம்பட்டிங்க. அம்மாவுக்கு 64 வயசு, முட்டி தேய்மானம். ஆபரேஷனே வேணாம், எக்ஸோசோம் ஊசி போட்டா ஜவ்வு திரும்ப வளரும்னு ஒரு கிளினிக்ல ரெண்டு ஊசிக்கு 1.40 லட்சம் வாங்கினாங்க. ரெண்டாவது ஊசியில முட்டி சீழ் வச்சு வேற ஆஸ்பத்திரியில சேர்த்தோம். இப்ப பாதிப் பணம் தர்றோம், இனி எந்த கோரிக்கையும் இல்லைன்னு எழுதிக் கொடுங்கன்றாங்க. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீங்க. அந்த ஒரு வரி அப்புறம் கேஸையே முடக்கப் பார்க்கும்.

எக்ஸோசோம் பொய்யான சமாச்சாரம் இல்லைங்க. நம்ம செல்லுங்க வெளிய விடுற குட்டிக் குட்டிப் பை, 30லருந்து 150 நானோமீட்டர், உள்ள புரதமும் ஆர்என்ஏவும் இருக்கும், ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்புற தபால் மாதிரி. 1983ல கண்டுபிடிச்சப்ப செல் குப்பையைத் தள்ளுதுன்னுதான் நினைச்சாங்க. இப்ப கேன்சர் பரவுறதுலயும் அதுக்குப் பங்கு இருக்குன்னு தெரியுது, அதனாலதான் சும்மா ஊசியில ஏத்துற விஷயம் இல்லைன்றேன். அனுமதி வாங்கின எக்ஸோசோம் மருந்துன்னு எதுவுமே இல்லைன்னு அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019 டிசம்பர்லயே எச்சரிச்சிருக்கு. இங்க 2019 புது மருந்து விதிகள்படி செல்லுல இருந்தோ ஸ்டெம் செல்லுல இருந்தோ எடுத்ததை மருந்தா கொடுத்தா அது புது மருந்து, மத்திய அரசோட அனுமதி வேணும்.

அதனால ஊசி போட்டப்ப டாக்டர் கை சுத்தமா இருந்துச்சா இல்லையான்னு மட்டும் வாதாடினா ரெண்டு பக்கமும் நிபுணர் வந்து இழுத்துக்கிட்டே போகும், நீங்க கேக்க வேண்டியது அந்த குப்பியில இருந்தது என்ன, ஊசியா போட யார் அனுமதி கொடுத்தாங்க, இது இன்னும் ஆராய்ச்சியில இருக்குன்னு அம்மாகிட்ட சொன்னாங்களா. காலி குப்பியோ லேபிள் போட்டோவோ இருக்கான்னு வீட்டுல தேடுங்க. பேட்ச் நம்பர், லைசென்ஸ் நம்பர் பாருங்க, காஸ்மெட்டிக்னு போட்டிருந்தா கேஸ் பாதி முடிஞ்ச மாதிரி, ஏன்னா 1940 மருந்து, அழகுசாதனச் சட்டத்துல காஸ்மெட்டிக்னா சுத்தம் பண்ணவும் அழகுபடுத்தவும் பயன்படுத்துறதுதான், முட்டி தேய்மானத்துக்குப் போடுற வைத்திய ஊசிக்கு அதுல இடமே இல்ல.

கேஸ் ஷீட், சம்மதப் படிவம் நகல் கேட்டு ரிஜிஸ்டர் தபால் போடுங்க, 72 மணி நேரத்துல தரணும்னு மருத்துவர் நடத்தை விதி இருக்கு. ஜவ்வு வளரும்னு வந்த வாட்ஸ்அப் மெசேஜை அழிச்சிடாதீங்க. ரெண்டாவது ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, சீழ்ல என்ன கிருமின்னு காட்டுற கல்ச்சர் ரிப்போர்ட் ரெண்டும் ரொம்ப முக்கியம்.

இதையெல்லாம் வச்சு சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள. கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ள இருக்கிறதால கோர்ட் ஃபீஸ் கிடையாது. ரெண்டாவது ஆஸ்பத்திரி பில்லையும் சேர்த்தே கேளுங்க. பணம் திருப்பித் தர்றது அவங்க இஷ்டம், தந்தா வாங்கிக்கிட்டு "கணக்குல வரவு, உரிமை விட்டுக்கொடுக்கலை"ன்னு எழுதி ரசீது கொடுங்க, அதுக்கு ஒத்துக்கலைன்னா வக்கீல் நோட்டீஸ் அனுப்பிடலாம்.