டாக்டர் பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து: பேஸ்மேக்கர் சந்தேகங்கள்

கே: அப்பாவுக்கு 71 வயது. அடிக்கடி கண் இருட்டி விழுந்துவிடுகிறார். கம்ப்ளீட் ஹார்ட் பிளாக், பேஸ்மேக்கர் வைக்கணும் என்கிறார்கள். புதுச்சேரியில் பார்த்த டாக்டரின் போர்டில் எம்.டி., டி.எம். தவிர சி.சி.டி.எஸ். என்றும் போட்டிருக்கிறது. கடலூரில் பார்த்தவருக்கு டி.எம். மட்டும்தான். அந்தப் பரீட்சை பாஸ் பண்ணியவரிடம்தான் போகணுமா?
எஸ்.கே., மஞ்சக்குப்பம்

ப: முதலில் அப்பாவை அட்மிட் பண்ணுங்கள். ஹார்ட் பிளாக்கில், அதாவது துடிப்புக்கான மின்சாரம் இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குப் போகாத நிலையில், மயங்கி விழுகிறவரை வீட்டில் வைத்துக்கொண்டு போர்டு ஒப்பிடக் கூடாது.

இனி உங்கள் கேள்வி. நம் நாட்டில் பேஸ்மேக்கர் (இதயத்தைத் துடிக்கத் தூண்டும் சிறு கருவி) வைக்க டி.எம். அல்லது டி.ஆர்.என்.பி. கார்டியாலஜி என்ற இதய மருத்துவ மேற்படிப்பு போதும், அந்தப் படிப்பிலேயே பயிற்சி உண்டு. சி.சி.டி.எஸ். என்பது ஐ.பி.எச்.ஆர்.இ. என்ற அமெரிக்க வாரியம் பேஸ்மேக்கர் போன்ற இதயக் கருவிகளைப் பற்றி நடத்தும் தேர்வு. விருப்பப்பட்டவர்கள் எழுதுவது, சட்டம் கேட்பதில்லை. ஐரோப்பாவின் ஈ.எச்.ஆர்.ஏ. என்ற இதயத்துடிப்பு மருத்துவ அமைப்பும் இதே மாதிரி ஒன்று நடத்துகிறது. அதில் எழுத்துத் தேர்வு ஒரு படி, தான் செய்த கேஸ்களின் பதிவேட்டைக் காட்டுவது அடுத்த படி.

ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. தேர்வில் ஒரு ஈசிஜி துண்டைக் கொடுப்பார்கள்: பேஸ்மேக்கர் மின்சாரம் கொடுத்ததைக் காட்டும் கோடு அடுத்தடுத்து விழுந்திருக்கும், ஆனால் அதன் பின்னால் வரவேண்டிய துடிப்பு இருக்காது. லீட் (கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பி) நகர்ந்துவிட்டதா, பேட்டரி தீர்ந்ததா, இல்லை ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் தசை மின்சாரத்துக்கு மசியவில்லையா என்று கண்டுபிடிக்கணும். இன்னொன்றில் லீட் உள்ளே விரிசல் விட்டிருக்கும், அதனால் வரும் மின் இரைச்சலையே இதயத்துடிப்பு என்று நம்பி கருவி சும்மா இருந்துவிடும், நோயாளி மயங்குவார். இதைத் தெரிந்த டாக்டர் ராத்திரி பத்து மணிக்கு உங்களுக்குத் தேவைப்படலாம்.

ஆனால் கேள்வித்தாளில் கைத்திறமை தெரியாது. காறையெலும்புக்குக் கீழே ரத்தக்குழாயைத் தேடும்போது நுரையீரலைக் குத்திவிடாமல் பார்ப்பது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தோலடியில் ரத்தம் கட்டாமல் தைப்பது, கிருமி சேராமல் முடிப்பது எல்லாம் தொடர்ந்து செய்துதான் வரும். அதனால் கடலூர் டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள்: மாதம் எத்தனை வைக்கிறீர்கள், லீட் நகர்ந்தால் இங்கேயே சரிபண்ண முடியுமா, செக்கப்புக்கு யார் பார்ப்பார்கள்? லீட் நகர்வது பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான், அப்போது பக்கத்தில் இருக்கும் டாக்டர் பெரிய உதவி. பதில் திருப்தியாக இருந்தால் அவரிடமே வையுங்கள். நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

கே: பேஸ்மேக்கர் செக்கப்புக்குப் போனால் அதைத் தயாரிக்கும் கம்பெனியின் பையன் ஒருவர் நெஞ்சில் எதையோ வைத்து, லேப்டாப் மாதிரி பெட்டியில் எண்களை மாற்றுகிறார். டாக்டர் கையெழுத்து மட்டும் போடுகிறார். சரியா?
ஒரு வாசகி, லாஸ்பேட்டை

ப: அந்தப் பெட்டிக்குப் பெயர் ப்ரோகிராமர், பேஸ்மேக்கரின் அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவுவது. கம்பெனி ஆள் வருவது நம் ஊரில் சகஜம், பயப்பட வேண்டாம் அம்மா. மேலே சொன்ன சி.சி.டி.எஸ். தேர்வை நர்ஸ், டெக்னீஷியன்களும் எழுதலாம், அவர்களில் சிலர் கருவியைக் கரைத்துக் குடித்தவர்கள். ஆனால் எந்த எண்ணை மாற்றுவது என்று முடிவெடுக்க வேண்டியவர் டாக்டர். என்ன மாற்றினீர்கள், ஏன் என்று அவரிடமே கேளுங்கள். பிரின்ட் வாங்கி பேஸ்மேக்கர் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள், பிரின்டில் பேட்டரி நிலை இருக்கும்.

கே: டி.எம். கார்டியாலஜி கடைசி வருஷம். உடனே சி.சி.டி.எஸ். எழுதலாமா?
பெயர் வேண்டாம், புதுச்சேரி

ப: எழுதலாம், அவசரமில்லை. கருவிகளிலேயே இருக்க ஆசை என்றால் முதலில் எலக்ட்ரோபிசியாலஜி (இதயத்தின் மின்னோட்டம் பற்றிய துறை) ஃபெலோஷிப் பாருங்கள், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் இருக்கிறது. தேர்வு அப்புறம். அதுவரை உங்கள் வார்டில் ப்ரோகிராமர் வரும்போதெல்லாம் கம்பெனிக்காரரை நகரச் சொல்லிவிட்டு நீங்களே உட்காருங்கள் தம்பி.