தொங்கும் தோலை அகற்ற 3 லட்சம்: லோன் போடலாமா?

கேள்வி: வயது 39. திருச்சியில் தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சம்பளம் கைக்கு 46,000 ரூபாய். எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்து 14 மாதங்களில் 112 கிலோவிலிருந்து 68 கிலோவுக்கு வந்துவிட்டேன். வயிற்றுத் தோல் தொங்கி, மடிப்பில் அடிக்கடி புண் வருகிறது. அதை அகற்ற 3 லட்சம் கேட்கிறார்கள். 'அழகு சிகிச்சைக்கு கிளெய்ம் கிடையாது' என்று இன்ஷூரன்ஸில் போனிலேயே சொல்லிவிட்டார்கள். டெபாசிட் 2 லட்சம் இருக்கிறது. பர்சனல் லோன் போடலாமா? மகளின் செல்வமகள் கணக்கில் மாதம் கட்டும் 5,000 ரூபாயை நிறுத்திவிடலாமா?

பதில்: போனில் சொன்னதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாலிசியில் விலக்குகள் பகுதியை, அதாவது எதற்கெல்லாம் கிளெய்ம் கிடையாது என்ற பட்டியலைப் புரட்டுங்கள். அழகு சிகிச்சை, பிளாஸ்டிக் சர்ஜரி பற்றிய வாசகம் எல்லா நிறுவனங்களுக்கும் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த ஒன்றேதான். விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் செய்யும் சீரமைப்புக்கு அதில் விலக்கு இல்லை. நேரடியான, உடனடியான உடல்நல ஆபத்தை நீக்கத் தேவைப்படும் சிகிச்சைக்கும் இல்லை. ஆனால் தேவை என்று மருத்துவர் எழுத்தில் சான்று தர வேண்டும். உங்கள் புண் இந்தக் கடைசி வகையில் வரலாம். அதைக் காட்டக் காகிதம் வேண்டும். தோல் மருத்துவரின் தேதியிட்ட சீட்டுகள், மருந்துக்கடை பில்கள், புண் இருக்கும்போது எடுத்த போட்டோ எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடுங்கள்.

அடுத்து, எஸ்டிமேட்டைப் பாருங்கள். தொங்கும் தோலை மட்டும் எடுப்பது பன்னிகுலெக்டமி. தசையையும் இறுக்கி வயிற்றுக்கு வடிவம் கொடுப்பது டம்மி டக். எது என்று தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். 18% ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்களா? அப்படியென்றால் மருத்துவமனையே இதைப் பெரும்பாலும் அழகு சிகிச்சையாகத்தான் வைத்திருக்கிறது. 3 லட்சத்தில் 45,000க்கு மேல் வரிக்கே போகும். பிறகு இன்ஷூரன்ஸ்காரர் அந்த ஜிஎஸ்டியைக் காட்டியே கையை விரிப்பார்.

கிளெய்ம் கிடைப்பதற்காக, 'ஹெர்னியான்னு போட்டுடலாம் மேடம்' என்று கவுன்டரில் யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 60 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டிய பாலிசியில், பழைய விவரத்தை மறைத்தீர்கள் என்று சொல்லி கிளெய்மை மறுக்க முடியாதுதான். மோசடி நிரூபணமானால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

ஆபரேஷனுக்கு முன் அனுமதியை இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள், மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். மறுத்தால் முதலில் அந்த நிறுவனத்திடமே புகார். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம், கட்டணம் கிடையாது. அறை வாடகை வரம்பையும் பாருங்கள். 3,000 ரூபாய்க்குத் தகுதி இருக்க, 6,000 ரூபாய் அறையில் படுத்தால் பல பாலிசிகளில் சர்ஜன் ஃபீஸ்கூடப் பாதியாக வெட்டப்படும்.

கிளெய்ம் கிடைக்கவே இல்லையென்றால்? 3 லட்சத்தை 14% வட்டியில் மூன்று வருஷ லோனாக எடுத்தால் மாதம் 10,253 ரூபாய், வட்டி மட்டும் சுமார் 69,000. எனக்கு மனசு வரவில்லை. எடை ஆறு மாதமாவது ஒரே இடத்தில் நின்ற பிறகுதான் கத்தி வைப்பது சர்ஜன்களின் வழக்கம். உங்களுக்கு இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் அவசரப்பட வேண்டாம், அந்த அவகாசத்தில் சேமியுங்கள். செல்வமகள் கணக்கை அடியோடு நிறுத்தாதீர்கள். வருஷத்துக்கு 250 ரூபாய் கட்டினாலே அது உயிரோடு இருக்கும். ஒரு வருஷம் மட்டும் அந்த 5,000த்தோடு இன்னொரு 7,000 சேர்த்து ஆர்.டி. போடுங்கள்: 1.44 லட்சம். டெபாசிட்டில் 1.5 லட்சம் எடுத்தால் வட்டியோடு கணக்கு சரியாகிவிடும். மிச்சம் 50,000 அவசரத்துக்கு.

புண் மோசமாகி டாக்டர் அவசரப்படுத்தினால் காத்திருக்காதீர்கள், கிளெய்முக்கும் அப்போதுதான் பலம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் ஒருமுறை காட்டிக் கேட்பதிலும் தவறில்லை, பஸ் செலவுதானே.

அப்புறம், ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரம் லீவு, இறுக்கிக் கட்டும் உடை, டிரெஸ்ஸிங் எல்லாம் எஸ்டிமேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். சம்பளத்தோடு எத்தனை நாள் லீவு மிச்சம் என்று இன்றைக்கே ஹெச்.ஆரிடம் கேட்டுவிடுங்கள்.