பத்தே நாளில் அழ வேண்டாம்

தங்கையே, கல்யாணமான பத்தே நாளில், நீங்கள் வைத்த சாம்பாரை ‘அம்மா வைப்பதுபோல் இல்லை’ என்று கணவர் சொன்னதும் சமையலறையில் நின்று அழுததாக எழுதியிருக்கிறீர்கள். மனம் கனத்துவிட்டது.

உங்கள் கைப்பக்குவத்தில் குறையே இல்லை. அவர் திருநெல்வேலிக்காரர், நீங்கள் சென்னை. நெல்லை வீடுகள் பலவற்றில் தேங்காயும் சீரகமும் அரைத்து ஊற்றுவார்கள். நீங்களோ பொடி போட்டு வைத்தே பழகியவர். நாக்கு இருபத்தைந்து வருடப் பழக்கத்தைப் பத்து நாளில் விடாது. மாமியாரிடமே போன் செய்து அளவு கேளுங்கள். தேங்காய் துருவும் வேலையைக் கணவரிடம் கொடுங்கள். வாரத்தில் நான்கு நாட்கள் உங்கள் வீட்டுச் சாம்பாரே இருக்கட்டும்.

ஆனால் அந்தச் சொல் வலித்ததை, சாப்பிடும்போது அல்ல, இரவில் தனியாக இருக்கையில் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் ஆடி மாதம் வரை அடக்கிவைத்தேன். பிறந்த வீடு போனதும் திரும்பிவர மனமே வரவில்லை. நீங்கள் இன்றிரவே பேசுங்கள்.