வாசகர் கேள்வி பதில்: முதல் வாரத்துக் கொரோனா வேறு, இரண்டாம் வாரத்துக் கொரோனா வேறு

கேள்வி: இரண்டாம் அலையில் காய்ச்சல் வந்த மறுநாளே என் சித்தப்பாவுக்கு மருந்துக்கடையில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலும் அதே மருந்தைத்தானே போட்டார்கள்? பிறகு ஏன் அது தப்பு என்கிறார்கள்?
- வாசகி, ஈரோடு

பதில்: மருந்து சரி, கொடுத்த நாள்தான் தப்பு. அறிகுறி தொடங்கி முதல் ஐந்தாறு நாள் வைரஸ் பெருகும் காலம். அப்போது அதை மட்டுப்படுத்துவது நம் உடம்பின் எதிர்ப்பு சக்திதான். ஏழெட்டு நாள் ஆனபின் சிலருக்கு அந்த எதிர்ப்பு சக்தியே அளவு மீறிப் போய் நுரையீரலை வீங்க வைக்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து. இரண்டாவது கட்டத்தில் அது உயிரைக் காக்கும். முதல் கட்டத்தில் கொடுத்தால், வைரஸோடு போராடும் கையைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும்.

2020-இல் பிரிட்டனில் நடந்த 'ரெகவரி' ஆய்வில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத் தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தார்கள். ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26.2-லிருந்து 23.3 ஆகக் குறைந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கோ பலன் எதுவும் இல்லை, மருந்து வாங்கியவர்களில் இறப்பு சற்றுக் கூடுதலாகவே இருந்தது (14-க்கு எதிராக 17.8). எனவே மூச்சு சீராக இருந்து, ரத்த ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்கு மேல் நிற்கிறவருக்கு இந்த மாத்திரையை யார் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பில்தான் 2021-இல் கருப்புப் பூஞ்சை அவ்வளவு பரவியது. தமிழ்நாடு அரசு அந்த மே மாதம் அதை, மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக்கியது. டாக்டர் சொல்லி ஸ்டீராய்டு எடுப்பவர், முன்பு சர்க்கரை இல்லாதவராக இருந்தாலும், வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வலி அல்லது மரத்துப்போதல், மூக்கிலிருந்து கருப்பாக வடிதல், கண் வீக்கம், மேல் அண்ணத்தில் கருப்புத் திட்டு, காரணமில்லாமல் பல் ஆடுதல் - இதில் எது வந்தாலும் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரு நாள் தள்ளினாலும் கண்ணை இழக்க நேரலாம்.

கேள்வி: வீட்டில் ஆக்சிஜன் பார்க்கும் விரல் கருவி இருக்கிறது. ஒரே ஆளுக்கு ஒரு நிமிஷம் 97, அடுத்த நிமிஷம் 91 என்கிறது. எதை நம்புவது?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: பெரும்பாலும் கோளாறு கருவியில் இருக்காது, பார்க்கும் முறையில்தான் இருக்கும். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு பாருங்கள். நகப்பூச்சை அழித்துவிட்டு, மருதாணி இல்லாத நடுவிரல் அல்லது ஆள்காட்டி விரலில் மாட்டுங்கள். கை ஜில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். குளிர்ந்த விரலில் ரத்தவோட்டம் குறைவதால் எண் தப்பாக விழும். கையை மேஜை மேல் அசையாமல் வைத்து, எண் நிலையாக நின்றபின் குறியுங்கள். முதலில் காட்டும் எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

எந்த எண்ணைப் பார்க்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். திரையில் இரண்டு எண் இருக்கும். ஒன்று ஆக்சிஜன், மற்றது நாடித்துடிப்பு. நாடி 98 என்பதை ஆக்சிஜன் என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கருவியைத் தலைகீழாகப் பார்த்தால் 86 என்பது 98 ஆகத் தெரியும். எதிரில் நின்று படிப்பவர்களுக்கு இது நேரக்கூடியது. கருத்த தோலில் சில கருவிகள் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும் என்பதும் ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அதனால் 94 என்று காட்டினாலும், மூச்சு வாங்கினால் மூச்சைத்தான் நம்ப வேண்டும்.

உட்கார்ந்து பார்த்தால் சரியாக இருக்கிறதா? அறைக்குள்ளேயே ஆறு நிமிஷம் நடந்துவிட்டு மறுபடி பாருங்கள். 3 புள்ளி அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, 94-க்குக் கீழே போனாலோ மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். துணைக்கு ஓர் ஆள் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

கேள்வி: குப்புறப் படுத்தால் ஆக்சிஜன் ஏறும் என்பது உண்மையா?
- வாசகி, சிதம்பரம்

பதில்: உண்மை. மல்லாந்து படுக்கும்போது நுரையீரலின் முதுகுப் பக்கம் அமுங்கிக் கிடக்கும். குப்புறப் படுத்தால் அது விரியும். கழுத்துக்குக் கீழே ஒரு தலையணை, மார்பிலிருந்து தொடை வரை ஒன்றோ இரண்டோ, முழங்காலுக்குக் கீழே இரண்டு வையுங்கள். குப்புற, வலப்பக்கம், சாய்ந்து உட்கார்ந்து, இடப்பக்கம் என்று ஒவ்வொரு நிலையிலும் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை மாறி மாறி இருக்கலாம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகாமல் செய்யக் கூடாது. கர்ப்பிணிகள், தீவிர இதய நோயாளிகள், முதுகெலும்பு அல்லது இடுப்பு எலும்பு முறிந்தவர்கள் செய்யவே கூடாது. இது ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும், படுக்கை கிடைக்கும் வரைக்குமான உதவிதான்; இதனால் எண் ஏறிவிட்டது என்று வீட்டிலேயே தங்கிவிடாதீர்கள்.

கேள்வி: பிளாஸ்மா தானம் கேட்டு அப்போது ஊரே அலைந்தது. ஏன் நிறுத்திவிட்டார்கள்?
- வாசகர், திருச்சி

பதில்: பலன் இல்லை. கொரோனாவிலிருந்து தேறியவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த திரவம்தான் அந்தப் பிளாஸ்மா. இந்தியாவில் 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் நடந்த ஆய்வில், நோய் முற்றுவதையோ இறப்பையோ பிளாஸ்மா குறைக்கவில்லை. 2021 மே மாதம் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து நீக்கினார்கள்.

கேள்வி: கபசுரக் குடிநீர் தினமும் குடிக்கலாமா?
- வாசகி, மதுரை

பதில்: சுக்கு, திப்பிலி, ஆடாதோடை, சீந்தில், நிலவேம்பு என 15 சரக்குகள் சேர்ந்த சித்த மருந்து அது. மருந்து என்றால் அளவும் உண்டு, காலமும் உண்டு. மாதக்கணக்கில் டீ போலக் குடிக்கக் கூடாது. வயிற்று எரிச்சல் உள்ளவர்களுக்குப் புண்ணாகும். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் சித்த மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். நோயின்போது குடித்தாலும் ஆக்சிஜன் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். கஷாயம் குடித்தோம் என்ற நம்பிக்கையில் எட்டாம் நாள் ஆக்சிஜன் இறங்குவதைக் கோட்டை விட்டால் அது பெரிய இழப்பு.

கேள்வி: மறுபடி ஒரு தொற்று வந்தால் தெருவெங்கும் மருந்து அடிக்கச் சொல்லி ஊராட்சியில் மனு கொடுக்கலாமா?
- வாசகர், தாராபுரம்

பதில்: வேண்டாம். உங்கள் மாவட்டத்துத் திருப்பூர்ச் சந்தையில் 2020 ஏப்ரலில் கிருமிநாசினிச் சுரங்கம் (நடந்து போகிறவர்கள் மேல் கிருமிநாசினியைத் தெளிக்கும் கூண்டு) வைத்தார்கள். மற்ற ஊர்களும் அதைப் பார்த்து வைத்தன. அதே மாதம் 18-ஆம் தேதி, மனிதர்கள் மேல் தெளிக்கக் கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை அறிவித்தது. கிருமிநாசினியில் இருக்கும் குளோரின் கண்ணையும் தோலையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும். நுரையீரலுக்குள் இருக்கும் வைரஸை ஒன்றும் செய்யாது. தெருவில் அடித்தாலும் மண்ணும் குப்பையும் குளோரினைச் செயலிழக்க வைத்துவிடும். மனு கொடுப்பதானால் பள்ளிக்கூடத்து ஜன்னல்களைத் திறக்கும்படி சரிசெய்யவும், முகக்கவசம் வாங்கவும் கேளுங்கள். கொரோனா முக்கியமாகக் காற்றில் பரவிய நோய்.

கதவுப் பிடி, குழாய் துடைக்க 33 சதவீத பிளீச்சிங் பவுடர் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் போதும். கையுறை போட்டுக்கொண்டு துடைத்து, பத்து நிமிஷம் கழித்து வெறும் தண்ணீரில் துடையுங்கள். இல்லாவிட்டால் இரும்பு துருப்பிடிக்கும். கரைசலை அன்றன்றைக்குக் கலக்குங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பி, மூடிய குளியலறையில் மூச்சு முட்டிவிடும்.