வெஸ்ட்ரி பீரோவில் ஒரு ஆய்வேடு

வணக்கம் ஐயா,

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமச் சேகரத்தில் (சில சபைகள் சேர்ந்த பகுதி) குருவானவராக இருக்கிறேன். இறையியல் இளநிலைப் பட்டமான பி.டி. முடித்து ஒன்பது வருடம் ஆகிறது. மேலே படிக்கலாம் என்று எண்ணம். மூன்று வழி தெரிகிறது. கல்லூரியில் இரண்டு வருடம் தங்கி முதுநிலைப் பட்டமான எம்.டிஎச். படிப்பது ஒன்று, பழைய ஏற்பாடு எடுத்தால்தான் மதிப்பு என்கிறார்கள். சேகரத்தில் இருந்துகொண்டே டி.மின். என்ற ஊழிய டாக்டர் பட்டம் செய்வது இன்னொன்று. எங்கள் சபையில் குடி ஒரு பெரிய பிரச்சினை, அதைப் பற்றி எழுதலாம். மூன்றாவது, ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றரை லட்சத்துக்கு ஆறு மாதத்தில் டாக்டர் பட்டம் தருகிறது. பட்டமளிப்பு சென்னையிலேயே ஓட்டலில் நடக்கும். எதற்குப் போகலாம்?

பி.கு: வெஸ்ட்ரி (கோயிலில் குருவின் அறை) பீரோவில் 1860களிலிருந்து ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகள் கிடக்கின்றன. கரையான் தொட்டுவிட்டது. எறியவும் மனமில்லை.

— ஒரு சேகர குரு

அன்புள்ள ஐயர் அவர்களுக்கு,

மூன்றாவதை முதலில் முடித்துவிடுவோம். இந்தியாவில் யார் பட்டம் கொடுக்கலாம் என்பதை 1956ஆம் ஆண்டின் யுஜிசி சட்டம் 22ஆம் பிரிவில் வரையறுத்திருக்கிறது. மத்திய, மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் அதிகாரம் அளித்த நிறுவனம், அவ்வளவுதான். மீறினால் 24ஆம் பிரிவின்படி அபராதம் ஆயிரம் ரூபாய் வரை. ஒன்றரை லட்சம் வாங்குகிறவருக்கு ஆயிரம் ஒரு செலவே அல்ல, அதனால்தான் ஓட்டல் மண்டபங்கள் நிறைகின்றன. பி.டி., எம்.டிஎச். பட்டங்கள் தரும் வங்காளத்துச் செராம்பூர் கல்லூரிக்கு இந்த அதிகாரம் வந்த வழி வேறு: 1827இல் டென்மார்க் அரசர் தந்த சாசனம், பிறகு 1918இன் செராம்பூர் கல்லூரிச் சட்டம். ஏடிஏ எனப்படும் ஆசிய இறையியல் கழகத்தின் அங்கீகாரம் இறையியல் கல்லூரிகள் தங்களுக்குள் தரம் பார்த்துக் கொடுத்துக்கொள்வது. அதை அரசு அங்கீகாரம் என்று எண்ண வேண்டாம், போலி என்றும் ஒதுக்க வேண்டாம். எந்த இடமானாலும் இரண்டு கேள்வி போதும். ஆய்வேட்டை வெளியிலிருந்து ஒருவர் திருத்துகிறாரா, அவர் நினைத்தால் உங்களைத் தோற்கடிக்க முடியுமா? முடிந்த ஆய்வேடு எந்த நூலகத்தில் இருக்கிறது? ஓட்டல்காரர்களிடம் இரண்டுக்கும் பதில் இருக்காது.

பழைய ஏற்பாடு எடுத்தால் மதிப்பு என்பது உண்மைதான், ஆனால் அந்த மதிப்புக்கு எபிரெயம் விலை. பி.டி.யில் படித்த எபிரெயம் ஒன்பது வருடத்தில் எழுத்துக்கூட்டும் அளவுக்குத் தேய்ந்திருக்கும். சேரும் முன்பே மீட்டெடுக்க வேண்டும். ரூத் 85 வசனம். நாளைக்கு மூன்று வசனம் என்றால் ஒரு மாதம். அடுத்து யோனா, 48 வசனம். தமிழில் 1:17 என்றிருப்பது எபிரெயத்தில் 2:1 என்பதை மனதில் வையுங்கள், இல்லையென்றால் அந்த அதிகாரம் முழுக்க எண் இடறும். வரிக்கு வரி பொருள் போட்ட பதிப்பை மட்டும் தொடாதீர்கள். கண் பொருளுக்கே ஓடும், வினைச்சொல்லைப் பிரிக்கக் கை பழகாது.

இதனால் பிரசங்கத்துக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். சங்கீதம் 136இல் வரிக்கு வரி வரும் 'கிருபை', ஓசியா 6:6இல் 'இரக்கம்', ரூத் 1:8இல் நகோமி சொல்லும் 'தயை' மூன்றும் எபிரெயத்தில் ஒரே சொல், ஹெசெட். நம் பழைய மொழிபெயர்ப்பை மட்டும் வைத்துப் படித்தால் இந்த மூன்றும் ஒன்றையொன்று பார்க்கவே பார்க்காது. சொல்லின் வேரைத் தோண்டுவது இதற்கு நேர் எதிரான வேலை. வல்லமைக்கான கிரேக்கச் சொல்லை வைத்து 'டுனாமிஸ் என்றால் டைனமைட்' என்கிற பிரசங்கத்தைக் கேட்காத கன்வென்ஷன் பந்தல் இல்லை. நோபல் தன் வெடிமருந்துக்குக் கிரேக்கத்திலிருந்து பெயர் எடுத்தது 1867இல். பவுல் மனதில் வெடிமருந்து இருந்திருக்க வழியில்லை.

டி.மின். தொழில்முறைப் பட்டம். ஊழியத்தில் இருக்கும் ஒரு பிரச்சினையை எடுத்து, ஒன்றைச் செய்து பார்த்து, என்ன மாறியது என்று எழுதுவது. குடி அதற்குப் பொருத்தமான பொருள்தான். ஆனால் கேள்வி கேட்பவர் ஐயர் என்றால் பதில் ஐயருக்கு ஏற்ற பதிலாகவே வரும். திருவிருந்து கொடுக்கிற கைக்கு முன்னால் 'வாரத்தில் நாலு நாள்' என்று யார் சொல்வார்? பேட்டி எடுக்க வேறொருவர் வேண்டும். பெண்களிடம் ஒரு பெண்தான் பேச வேண்டும். தாளில் பெயருக்குப் பதில் எண் இருக்க வேண்டும், எண்ணுக்கும் பெயருக்குமான பட்டியல் உங்கள் கைக்கு வரக்கூடாது. முதல் கணக்கை லெந்து எனும் ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் எடுக்காதீர்கள். நாற்பது நாள் விட்டவர்கள் ஈஸ்டர் முடிந்ததும் தொடங்குவார்கள், உங்கள் திட்டம் குடியை வளர்த்துவிட்டதாகக் கணக்கு சொல்லும். சபையார் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகை வாரமும் அப்படித்தான், வேறு திசையில்: அந்த வாரம் குடி கூடும், பிறகு திட்டம் அதைக் குறைத்துவிட்டதாகக் கணக்கு சொல்லும்.

இவ்வளவும் சொன்னாலும், உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தப் பி.கு. எம்.டிஎச். என்றால் பழைய ஏற்பாடு ஒன்றுதானா? திருச்சபை வரலாறும் ஒரு பிரிவு. வரலாறு எடுப்பவர்கள் மூலம் தேடி அலைவார்கள், உங்களுடையது பீரோவில் இருக்கிறது.

திருநெல்வேலியில் 1876–78 பஞ்சத்தின்போது கிராமம் கிராமமாகச் சபையில் சேர்ந்தார்கள். சோற்றுக்காக வந்தவர்கள் என்று ஒரு கட்சி, ஆவியின் அசைவு என்று இன்னொரு கட்சி. இரண்டும் நூற்றைம்பது வருடமாகப் பேசுகின்றன. ஒரு சேகரத்தில் அப்படி வந்த குடும்பங்களில் எத்தனை 1890இலும் சபையில் இருந்தன என்று எண்ணிப் பார்க்கலாம். அதுதான் ஆய்வுக் கேள்வி. 'திருச்சபை வளர்ச்சியில் மிஷனரிகளின் பங்கு' என்று தலைப்பு வைத்தால் அது வாழ்த்துமடல், விடை தலைப்பிலேயே முடிந்துபோயிற்று.

எண்ணும்போது இரண்டு இடத்தில் வழுக்கும். சபையில் சேர்வது வேறு, ஞானஸ்நானம் வேறு. சேர்ந்தவர்கள் உபதேசம் கேட்டுக் காத்திருந்தார்கள், ஆகவே 1877இன் கூட்டம் பதிவேட்டில் சில வருடம் தள்ளித்தான் தெரியும். பெரியவர்களின் ஞானஸ்நானத்தையும் குழந்தைகளின் ஞானஸ்நானத்தையும் தனித்தனியாக எண்ணுங்கள். அடுத்தது, ஒரு பெயர் பிறகு திடப்படுத்தலிலோ (விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) திருமணத்திலோ அடக்கத்திலோ வரவில்லை என்றால் உடனே 'திரும்பிப் போனார்' என்று எழுதிவிடக் கூடாது. அந்த நாளில் தெற்கேயிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் ஏராளம். தொழில், ஊர் என்ற கட்டங்களையும் சேர்த்தே படியெடுங்கள்.

சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற இரண்டு ஆங்கிலேய மிஷனரிச் சங்கங்களில் உங்கள் ஊர் எதன் வழி என்று கண்டுகொள்ளுங்கள். மெஞ்ஞானபுரம், டோனாவூர் முந்தையது. நாசரேத், இடையன்குடி பிந்தையது. சி.எம்.எஸ். ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும் எஸ்.பி.ஜி. ஆவணங்கள் ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்திலும் இருக்கின்றன. மிஷனரி எழுதிய கடிதத்தில் ஒரு தொகை இருக்கும், பதிவேட்டில் வேறு தொகை வரும். ஆய்வேடு அந்த இடைவெளியில்தான் தொடங்கும்.

கரையானுக்கு இப்போதே செய்ய வேண்டியது: சுவரை ஒட்டிய மர பீரோவிலிருந்து எடுத்து, சுவரும் தரையும் தொடாத இரும்பு பீரோவுக்கு மாற்றுங்கள். தாளின்மேல் மருந்து அடிக்காதீர்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் வேண்டாம், பசை மஞ்சளாகித் தாளைத் தின்னும். லேமினேஷன் அதைவிடக் கெடுதல். சேகரக் கமிட்டியில் தீர்மானம் போட்டுக்கொண்டு, கோயிலுக்குள்ளேயே படம் எடுங்கள். நோட்டை அழுத்தி விரிக்காமல் இரண்டு தலையணை நடுவே சாய்த்து வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், ஓரம் வெட்டாமல் எடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் பதிவேட்டின் பெயரும் பக்க எண்ணும் எழுதிய சீட்டு விழட்டும். சாதிப் பெயரும் பழைய பெயரும் அதில் இருக்கும், பேரப்பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம்கூடப் போகக்கூடாது.

திருமண்டலத்தில் படிப்பு விடுப்பு கேட்பது, சம்பளம், குருமனை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் எல்லாம் பிறகு. இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பீரோவைத் திறந்து, 1875 முதல் 1885 வரை பக்கங்கள் முழுதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நடுவில் கரையான் தின்ற வருடங்கள் எவை என்று எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் எம்.டிஎச்.சா, டி.மின்.னா என்று சொல்ல முடியும்.